தைராய்டு மாத்திரை வயிற்றுக்குள் எங்கே தொலைகிறது?

திருப்பூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். வயது 43, எடை 68 கிலோ, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அசதி, முடி கொட்டுதல், மலச்சிக்கல் என்று இரண்டு வருடத்துக்கு முன் மருத்துவரிடம் போனபோது தைராய்டு சுரப்பு குறைவு என்று தெரியவந்திருக்கிறது. 50 மைக்ரோகிராமில் தொடங்கிய மாத்திரை 75, 100 என்று ஏறி இப்போது 125. ஆனாலும் தைராய்டுக் குறைவைக் காட்டும் டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை அளவு இறங்கவில்லை, கடைசியாகப் பார்த்தபோது 16.8 (4-க்குள் இருக்க வேண்டியது). மருத்துவர் 150 எழுதிக் கொடுத்துவிட்டார். இதுபோக மூன்று வருடமாகக் கேஸ் மாத்திரை, மாதவிலக்கில் உதிரம் அதிகம் போவதால் இரும்புச்சத்து மாத்திரை, கால் குடைச்சலுக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய கால்சியம். "நாலையும் உள்ளங்கையில வெச்சு, காப்பியோட ஒரே முழுங்கா முழுங்கீட்டு வேன் ஏறீருவனுங்க. மாத்திரை ஏத்த ஏத்த நோயும் ஏறுதுங்களே, ஏனுங்க டாக்டர்?" என்று கேட்கிறார்.

இதற்கிடையில் நாத்தனார் ஒருவர், குடலில் கசடு சேர்ந்ததுதான் எல்லாவற்றுக்கும் மூலம், குடலைக் கழுவிவிட்டால் தைராய்டு தானாக அடங்கும் என்று சொல்லி, ஒரு பேதி மருந்தும் பெயர் ஒட்டாத பொடியும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். மாத்திரையை நிறுத்திப் பன்னிரண்டு நாள் ஆகிறதாம். "ஒண்ணும் ஆகலீங்க, ஒடம்பு லேசாத்தான் இருக்குது." 150 போடட்டுமா, பொடிக்கே மாறட்டுமா, 17 வயது மகளுக்கும் இது வந்துவிடுமா என்று மூன்று கேள்விகள், சாப்பாட்டைப் பற்றியும் பல. கூடவே ஒரு குறை: வயிற்று டாக்டர் தைராய்டைப் பற்றிக் கேட்பதில்லை, தைராய்டுக்குப் பார்ப்பவர் வயிற்றைப் பற்றிக் கேட்பதில்லை.

அம்மிணி, உங்கள் குறையிலேயே பாதிப் பதில் இருக்கிறது. முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். பொடியையும் பேதி மருந்தையும் இன்றே நிறுத்துங்கள். தைராய்டு மாத்திரையை மறுபடி தொடங்குங்கள். ஆனால் 150 வேண்டாம். மருத்துவரைப் பார்க்கும் வரை பழைய அளவைத் தாண்டாதீர்கள். இதய நோய் இருந்து கடிதத்தில் எழுத விட்டுப்போயிருந்தால் மட்டும், தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் 150 வேண்டாம் என்கிறேன்? சுரப்பி வேலையே செய்யாத ஒருவருக்கு முழுத் தேவை, கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம். உங்கள் எடைக்கு அது 109 அளவில் வரும். நீங்கள் 125 போட்டும் டி.எஸ்.எச். 16-க்கு மேல் நிற்கிறது என்றால், அளவு போதவில்லை என்று எண்ணுவதற்கு முன் அந்த 125-இல் எவ்வளவு ரத்தத்தில் சேர்ந்தது என்று கேட்க வேண்டும். கீழ்பவானிப் பாசனத்துக்காரர்களுக்கு இது சொல்லாமலே புரியும். வாய்க்கால் நெடுக உடைப்பு இருக்கும்போது மதகை எவ்வளவு திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வராது. மதகை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு உடைப்பை அடைத்தாலோ வயல் மூழ்கிப்போகும். நாளைக்கு யாராவது உங்களிடம் "காப்பியோடு போடாதே" என்று சொல்லி, நீங்கள் 150-ஐ ஒழுங்காகப் போடத் தொடங்கினால் நடக்கப்போவது அதுதான். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் போகும். மாதக்கணக்கில் நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பும் தேயும். மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்குகிற உங்களுக்கு எலும்புத் தேய்மானம் சின்ன விஷயம் இல்லை.

மாத்திரை போகும் வழி

கழுத்தில் இருக்கும் தைராய்டு எவ்வளவு சுரக்க வேண்டும் என்று உத்தரவிடுவது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி. அந்த உத்தரவுதான் டி.எஸ்.எச். தைராய்டு சுரக்கும் தைராக்சின் ரத்தத்தில் குறைந்தால் உத்தரவு ஏறும். போதுமான அளவு இருந்தால் இறங்கும். பெரியவர்களுக்குச் சுமார் 0.4 முதல் 4 வரை இருந்தால் சரி. ஆகவே டி.எஸ்.எச். ஏறினால் "நோய் ஏறுகிறது" என்று அர்த்தமில்லை. ரத்தத்துக்கு இன்னும் தைராக்சின் வந்து சேரவில்லை என்று பிட்யூட்டரி சொல்கிறது, அவ்வளவே.

நீங்கள் விழுங்கும் மாத்திரை அந்தத் தைராக்சினேதான். அது இரைப்பை அமிலத்தில் கரைந்து, சிறுகுடலின் நடு, கடைப் பகுதிகளில் ரத்தத்துக்குள் ஏற வேண்டும். வெறும் வயிற்றில் ஒழுங்காகப் போட்டாலே 60 முதல் 80 சதவீதம்தான் ஏறும். காப்பி அதைக் குறைக்கும். கால்சியமும் இரும்பும் குடலுக்குள்ளேயே தைராக்சினைப் பிடித்துக் கட்டிக்கொள்ளும்; கட்டுண்டது மலத்தோடு வெளியே போய்விடும். அமிலத்தை அடக்கும் கேஸ் மாத்திரையால் கரைவதே மந்தப்படும். அதே கேஸ் மாத்திரை இரும்பு ஏறுவதையும் கெடுக்கும், சாதாரணக் கால்சியம் ஏறுவதையும் கெடுக்கும். இரும்பும் கால்சியமும் தமக்குள்ளும் ஒத்துப்போகாதவை. உங்கள் உள்ளங்கையில் இருந்த நாலும் ஒன்றையொன்று கெடுக்கிற நாலு. கஷ்டப்பட்டுச் சம்பாதித்த காசில் வாங்கி, எல்லாவற்றையும் ஒரே காப்பியில் கரைத்து விட்டிருக்கிறீர்கள். உங்கள் மேல் தப்பில்லை; சீட்டில் "1-0-0" என்று எழுதுபவர்கள் எதற்கு முன், எதற்குப் பின் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

வயிறு வேறு, சுரப்பி வேறு இல்லை

ஹார்மோன் என்றாலே கழுத்து, கருப்பை, கணையம் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் ஒரு ஹார்மோன் எப்படி வேலை செய்கிறது என்பது முதலில் பிடிபட்டது குடலில்தான். 1902-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், நாயின் சிறுகுடலுக்குப் போகும் நரம்புகளை அறுத்துவிட்டு அங்கே அமிலம் விட்டுப் பார்த்தார்கள். நரம்பே இல்லாத நிலையிலும் கணையம் நீர் சுரந்தது. குடல் ஏதோ ஒன்றை ரத்தத்தில் அனுப்பிக் கணையத்துக்குச் சேதி சொல்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அந்தப் பொருளின் பெயர் செக்ரெட்டின்.

நீங்கள் மத்தியானம் அரிசிம்பருப்புச் சோறும் தயிரும் சாப்பிடும்போது இன்றும் அதுவே நடக்கிறது. சோறு இறங்கியதும் இரைப்பை காஸ்ட்ரின் என்ற ஹார்மோனை விட்டு அமிலத்தைக் கூட்டும். அமிலம் கலந்த கூழ் சிறுகுடலுக்குள் நுழைந்ததும் செக்ரெட்டின் கணையத்திலிருந்து காரநீரை வரவழைத்து அமிலத்தை அடக்கும். நெய்யையும் பருப்பையும் கண்டதும் கோலிசிஸ்டோகைனின் என்ற இன்னொன்று பித்தப்பையைச் சுருக்கிப் பித்தநீரை இறக்கும். போதும் என்ற உணர்வை மூளைக்குச் சொல்வதிலும் அதற்குப் பங்குண்டு. வெறும் வயிற்றில் இரைப்பை சுரக்கும் கிரெலின் பசியைக் கிளப்பும். கணையத்துக்கு இரண்டு வேலை. ஒரு பக்கம் செரிமான நீர், மறுபக்கம் இன்சுலின். குடல் முழுக்கவே ஒரு சுரப்பிதான்.

தைராக்சின் இந்த எல்லாவற்றுக்கும் வேகம் வைக்கும் ஹார்மோன். அது குறைந்தால் குடலின் அசைவு மந்தமாகும். நாளொன்றுக்கு எட்டு, ஒன்பது லிட்டர் நீர் நம் குடலுக்குள் வருகிறது. குடித்தது, எச்சில், பித்தநீர், கணையநீர் எல்லாம் சேர்த்து. அதில் மலத்தோடு போவது 100, 200 மில்லிதான். மிச்சத்தைக் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மலம் பெருங்குடலில் தங்கத் தங்க இன்னும் நீர் உறிஞ்சப்பட்டு இறுகிப்போகும். மெதுவாக நகரும் உணவு புளித்து வயிறு ஊதும். இதைத்தான் நீங்கள் "கேஸ்" என்கிறீர்கள். ஆனால் கேஸ் மாத்திரை காற்றைக் குறைப்பதில்லை, அமிலத்தைத்தான் குறைக்கிறது. உங்களுக்கு நெஞ்செரிச்சலோ புளித்த ஏப்பமோ இருந்ததாகக் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. ஊதலும் மலச்சிக்கலும்தான் இருக்கிறது. தைராய்டுக் குறைவால் வந்த ஊதலுக்குக் கேஸ் மாத்திரை போட்டு, அந்த மாத்திரையால் தைராய்டு மாத்திரை ஏறாமல், அதனால் ஊதல் இன்னும் கூடி, இரண்டு வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது என் சந்தேகம். மலச்சிக்கலை இரும்பு மாத்திரையும் தன் பங்குக்குக் கூட்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். கம்பெனியில் கழிவறைக்கு எழுந்து போகச் சங்கடப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறீர்களா? செக்கிங், கைமடித்தல் வேலை செய்யும் பெண்கள் பலரும் என்னிடம் ஒத்துக்கொண்ட விஷயம் இது.

குடல் கழுவுவது பற்றி

உங்கள் நாத்தனார் அக்கறையில்தான் சொல்லியிருப்பார். நம் அம்மாயிகள் ஆறு மாதத்துக்கொரு முறை விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்கியதை நானும் குடித்திருக்கிறேன். ஆனால் குடல் சுவரில் வருடக்கணக்காகக் கசடு படிவதில்லை. குடலின் உள்தோல் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. பேதியால் போவது தண்ணீரும் உப்புச்சத்தும். நீங்கள் சொல்லும் "லேசு" அதுதான். பொட்டாசியம் குறைந்தால் தசை தளரும், இதயத் துடிப்பு கெடும்.

பன்னிரண்டு நாள் மாத்திரை இல்லாமலும் ஒன்றும் ஆகவில்லை என்பதில் ஏமாந்துவிடாதீர்கள். தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும். முன்பு சேர்ந்ததில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இன்னும் உங்கள் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. விளைவு வாரங்கள் கழித்துத்தான் தெரியும். குளிர் தாங்காமை, முகம் வீங்குதல், மந்தம், கெட்ட கொழுப்பு ஏறுதல் என்று ஒவ்வொன்றாக வரும். பல மாதம் விட்டால் நினைவு தப்பும் நிலை வரை போனவர்கள் உண்டு.

பொடியில் என்ன இருக்கிறது என்று எனக்கோ உங்களுக்கோ தெரியாது. பெயரில்லாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. அதுவும் தெம்பாகத்தான் இருக்கும், கொஞ்ச நாளைக்கு. நீண்ட நாள் சாப்பிட்டு நிறுத்தினால் சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரீனல் சுரப்பி வேலையை மறந்திருக்கும். உங்களுக்குப் பன்னிரண்டு நாள்தான் என்பதால் அந்தப் பயம் குறைவு. மிச்சப் பொடியைக் கொட்டிவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பட்டியலிட்ட சில நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் கழுத்துக் கழலையும் நீரிழிவும் உண்டு. சித்த மருத்துவம் பார்க்க ஆசை இருந்தால் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள், தைராய்டு மாத்திரை சாப்பிடுவதையும் சொல்லுங்கள். அவர் பெயரோடு சீட்டு எழுதித் தருவார்.

இனி எப்படிப் போடுவது

ஐந்து மணிக்கு எழுந்ததும், வாசல் தெளிப்பதற்கு முன்பே, தைராய்டு மாத்திரையைப் பச்சைத் தண்ணீரில் போடுங்கள். காப்பி ஆறு மணிக்கு. வேன் ஏழு மணிக்குத்தானே, நேரம் இருக்கிறது. காலையில் முடியவே முடியாது என்றால் இரவு படுக்கும்போது போடலாம். அதுவும் நன்றாகவே ஏறும். ஆனால் சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஓவர் டைம் முடிந்து ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பத்துக்குப் படுக்கிற வீட்டில் அது நடக்கிற காரியமா என்று நீங்களே யோசியுங்கள். எனக்கென்னவோ உங்களுக்குக் காலைதான் சரி என்று படுகிறது.

கால்சியம் உண்மையில் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தேவையென்றால் மத்தியானச் சாப்பாட்டோடு. இரும்பு மாத்திரை இரவில். தைராய்டு மாத்திரைக்கும் இந்த இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரம் இருக்க வேண்டும். கேஸ் மாத்திரையைத் திடீரென்று விட்டால் அடங்கியிருந்த அமிலம் சில வாரம் எகிறும்; அப்போது "இது இல்லாமல் முடியாது" என்று தோன்றும். மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறையுங்கள். மாத்திரையை அதன் டப்பாவிலேயே, வெயிலும் சூடும் படாத இடத்தில் வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே, டி.வி. பெட்டி மேல் வைத்த தைராக்சின் வீரியம் இழக்கும். கம்பெனியை அடிக்கடி மாற்றாமல் ஒரே பிராண்டாக வாங்குவதும் நல்லது.

ஒரு மாதம் தாண்டுமுன் டி.எஸ்.எச். பார்த்துக் கலங்க வேண்டாம். பிட்யூட்டரி நிதானமாகத்தான் திரும்பும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பாருங்கள். அதற்குள் படபடப்பு, நடுக்கம், காரணமில்லாத வயிற்றோட்டம் வந்தால் மட்டும் முன்னதாகவே போங்கள். அளவைக் குறைக்க வேண்டிவரும்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் இறங்கவில்லை என்றால் அடுத்த கேள்வி வயிற்றைப் பற்றியது. உங்கள் வயதில் தைராய்டு குறைவதற்குப் பெரும்பாலும் காரணம், 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ விவரித்த நோய். நம் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவது. அதே எதிர்ப்புச் சக்தி சிலருக்கு இரைப்பையின் அமிலச் செல்களையும் தாக்கும். அப்போது தைராக்சினும் ஏறாது, இரும்பும் ஏறாது, பி12-உம் ஏறாது. ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற இரைப்பைக் கிருமியும் இதுபோல் செய்யும். கோதுமை சாப்பிட்டால் எதிர்ப்புச் சக்தி சிறுகுடலையே தாக்கும் சீலியாக் நோய் அரிசி தின்னும் நம் பக்கம் அதிகம் இல்லை என்றாலும் பார்த்துவிடலாம். ஆகவே தைராய்டு எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி), ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின், பி12 பரிசோதனைகளைக் கேளுங்கள். உதிரப்போக்குக்குத் தைராய்டு ஒரு காரணம்தான். கருப்பையில் கட்டி இருக்கிறதா என்று ஒரு ஸ்கேன் பார்க்காமல் இரும்பு மட்டும் தின்றுகொண்டிருக்காதீர்கள்.

மருத்துவரை மாற்ற வேண்டியதில்லை. அடுத்த முறை நாலு மாத்திரை அட்டையையும் மேசையில் வைத்து, எந்த நேரத்தில் எதோடு போட்டீர்கள் என்று சொல்லுங்கள். எந்த மருத்துவரும் 150 சீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார். உங்கள் சிகிச்சைக் குறிப்புகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ நெறிமுறை விதி; கேட்கத் தயங்காதீர்கள். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் (மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு உண்டு) இந்தச் சோதனைகளுக்கும் மாத்திரைக்கும் நீங்கள் கைக்காசு போட வேண்டியதே இல்லை. உங்களுக்கு மட்டுமல்ல, உங்களை நம்பியிருக்கும் மகளுக்கும் அது செல்லும்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குச் சொல்ல அதிகமில்லை. முட்டைக்கோசும் நிலக்கடலையும் விஷம் இல்லை. வேக வைத்துச் சாப்பிடுங்கள். கம்பங்கூழ், ராகிக் களி, கொள்ளுப் பருப்பு, கீரை எல்லாம் மலச்சிக்கலுக்கு நல்லது, கூடவே தண்ணீர் குடித்தால். சோயா உருண்டையைக் காலை மாத்திரைக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டாம். இரண்டு வருடத்தில் 14 கிலோ ஏறியது முழுக்கத் தைராய்டால் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. தைராய்டுக் குறைவால் ஏறுவது பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து கிலோ, அதுவும் முக்கால்வாசி உப்பும் நீரும். மிச்சத்துக்கு நாள் முழுக்க உட்கார்ந்த வேலையும், நாலு வேளைச் சர்க்கரைக் காப்பியும், சாயங்கால வடை போண்டாவும் கணக்குச் சொல்ல வேண்டும்.

மலத்தில் ரத்தம், இரும்பு மாத்திரை போடாத நாளிலும் கறுப்பாகப் போவது, விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை இறங்குவது, நிற்காத வாந்தி என்று எது வந்தாலும் நான் சொன்னதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அந்த வாரமே வயிற்று மருத்துவரைப் பாருங்கள்.

மகளைப் பற்றி. இந்த நோய் குடும்பத்தில் ஓடக்கூடியது, பெண்களுக்குக் கூடுதல். ஆனால் உங்களுக்கு இருப்பதால் அவளுக்கு வந்தே தீரும் என்றில்லை. மாதவிலக்குத் தாறுமாறாக வருகிறது, கழுத்து வீங்குகிறது, படிப்பில் திடீரென்று மந்தம் என்றால் ஒரு டி.எஸ்.எச். பாருங்கள். இல்லையென்றால் பின்னாளில் கர்ப்பம் தரிக்கும் முன் ஒருமுறை கட்டாயம் பார்க்க வேண்டும். கர்ப்பத்தின்போது தைராய்டு குறைந்திருந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம். வீட்டில் கல்லுப்பு என்றால் அயோடின் சேர்த்ததா என்று பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் நோயை அயோடின் ஆற்றாது. அதற்கென்று விற்கும் கடற்பாசி மாத்திரைகளை வாங்கினால் கெடுதல்தான் அதிகம். மகளுக்கு உப்பில் இருப்பதே போதும்.